கலைச்சொல்லும் பாடலும்: இலக்கியத் தாளுக்குத் திருப்புதல்

இலக்கியத் தாளில் கலைச்சொற்களை இரண்டு வழியில் கேட்பார்கள். "அந்தாதி: குறிப்பு வரைக" என்று நேராகக் கேட்பது ஒன்று. ஒரு நூலின் பெயரைச் சொல்லி அதன் அமைப்பை விளக்கச் சொல்வது மற்றொன்று. நேர்வினாவுக்கு இலக்கணம் தெரிந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எடுத்துக்காட்டு இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் கிடைப்பது அரிது. இரண்டாம் வழியில் கேட்டால், இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் முதல் பத்தியோடு நின்றுவிடுவார். ஆகவே கலைச்சொல்லை ஒரு நோட்டிலும் பாடலை இன்னொரு நோட்டிலும் பிரித்து வைத்துப் படிப்பது வீண் உழைப்பு. ஒவ்வொரு சொல்லையும் பாடப்பகுதியில் உள்ள ஒரு பாடலோடு சேர்த்தே திருப்ப வேண்டும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் படிக்கும் மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. உறையூர், மலைக்கோட்டை, ஆனைக்கா, அரங்கம் என்ற நான்கு இடங்களைச் சுற்றியே சங்கப் பாடல் முதல் சிறுகதை வரை எடுத்துக்காட்டு கிடைத்துவிடும். இந்த அத்தியாயம் அந்த வசதியைக் கொண்டே நடக்கிறது.

வினாத்தாளின் கணக்கு

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இளங்கலைத் தாளுக்கு உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்பது பழகிய கணக்கு. அந்த 75இல் முதல் பகுதி பத்துக் குறுவினாக்கள், தலைக்கு 2 மதிப்பெண். அடுத்த பகுதி "இது அல்லது அது" என்ற முறையில் ஐந்து வினாக்கள், தலைக்கு 5. கடைசிப் பகுதி மூன்று கட்டுரைகள், தலைக்கு 10. தூய வளனார், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வினாத்தாளைத் தாங்களே அமைப்பதால் பிரிவுகள் மாறக்கூடும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், திருப்புதல் தொடங்கும் நாளிலேயே கல்லூரி நூலகத்திலிருந்து முந்தைய இரண்டு மூன்று பருவங்களின் வினாத்தாள்களை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அவற்றில் வந்த கலைச்சொற்களை மட்டும் தனியே எழுதினால், எதிர்பார்த்ததைவிடச் சிறிய பட்டியல்தான் வரும்.

முதல் பகுதியின் 20 மதிப்பெண்தான் கலைச்சொல்லுக்கு உரியது என்று எண்ணுவது பரவலான தவறு. கட்டுரை வினாவிலும் ஒரு கலைச்சொல் ஒளிந்திருக்கும். "திருப்பாணாழ்வாரின் பக்தித் திறத்தை விளக்குக" என்ற வினாவில் கலைச்சொல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அமலனாதிபிரான் திருவடியில் தொடங்கித் திருமேனி வழியே மேலேறிக் கண்கள் வரை செல்வதைக் கண்டு, அதைப் பாதாதிகேச அமைப்பு என்று பெயரிட்டு எழுதும் விடை மற்ற விடைகளிலிருந்து தனித்து நிற்கும். இந்த ஆழ்வார் உறையூரில் அவதரித்தவர், பாடியது 10 பாசுரங்கள் என்ற இரண்டு செய்தியும் சேர்ந்தால் முதல் பத்தி முடிந்தது.

பாடப்பகுதியை முதலில் படிப்பது

முதல் வாரம் முழுவதும் பாடலுக்கே போக வேண்டும். உரைநூலையோ கைடையோ திறப்பதற்கு முன்னால் மூலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது. பொருள் விளங்காத சொல்லைக் கோடிட்டுவிட்டு மேலே போகலாம்.

இதற்கு ஸ்ரீரங்கமே தந்த ஒரு முறை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவரங்கத்தில் இருந்து திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். அதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. நம்பிள்ளையின் மாணவர் பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை கண்டார். இந்த உரைகளில் பாசுரத்துக்குப் பொருள் சொல்வதற்கு முன் அவதாரிகை என்ற முன்னுரை வரும். இந்தப் பாசுரம் எதன் பின் வருகிறது, யார் பேச்சு, எந்த மனநிலையில் எழுந்தது என்பதை அது சொல்லிவிடும். அதன் பிறகுதான் பதங்களின் பொருள். தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு பாடலுக்கும் மாணவர் இப்படி நான்கு வரி அவதாரிகை தம் சொல்லில் எழுதிக்கொள்ள வேண்டும். பாடியவர் யார், யாரை நோக்கி, எந்தச் சூழலில், எதைக் கேட்டு அல்லது எதை மறுத்து என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கைடில் அச்சான சுருக்கத்தைப் படி எடுப்பதால் இந்தப் பயன் கிடைக்காது. எழுதும்போது எங்கே தடுமாற்றம் வருகிறதோ அந்த இடம்தான் பாடல் புரியாத இடம்.

உறையூர் முற்றுகை: ஒரு பாடலை முழுவதும் திருப்புதல்

புறநானூற்றின் 45ஆம் பாடல் இதற்கு நல்ல மாதிரி. அவதாரிகையை இப்படி எழுதலாம்: "பாடியவர் கோவூர் கிழார். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே கதவடைத்துக்கொண்டு இருப்பவன் நெடுங்கிள்ளி, அவனும் சோழன். இருவருக்கும் நடுவே நின்று புலவர் போரை நிறுத்தச் சொல்கிறார்."

பாடலின் வாதம் கூர்மையானது. எதிரே இருப்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. இந்தப் பகை உங்களைப் போன்ற பிற வேந்தருக்குத்தான் மகிழ்ச்சி. இந்தப் படிகளை வரிசை மாறாமல் எழுதத் தெரிந்தாலே ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பாதி விடை ஆயிற்று. பூக்களின் பெயரை விட்டுவிடக் கூடாது. வாதம் தொடங்குவதே அங்கேதான்.

இனி திணை. கோட்டையை வளைப்பதும் காப்பதும் பாடலில் இருப்பதால் உழிஞை என்று எழுதிவிடத் தோன்றும். பலர் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் பாடலின் கீழுள்ள குறிப்பு, திணை வஞ்சி, துறை துணைவஞ்சி என்கிறது. புலவர் மதிலையோ முற்றுகையையோ பாடவில்லை. படையெடுத்தவனையும் அடைத்திருந்தவனையும் சந்து செய்ய முயல்கிறார். அந்தச் செயலுக்கு உரிய துறை துணைவஞ்சி. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது கோவூர் கிழார் தடுத்துப் பாடிய 47ஆம் பாடலுக்கும் இதே திணையும் துறையுமே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் துறை என்ற கலைச்சொல் தானாக விளங்கும். திணை பெரும் பகுப்பு. அதற்குள் குறிப்பிட்ட ஒரு சூழலும் செயலும் துறை.

புறத்திணைகளைத் திருப்பும்போது எந்த நூலின் கணக்கு என்பதை விடையில் சொல்ல மறக்கக் கூடாது. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு. புறப்பொருள் வெண்பாமாலையில் பன்னிரண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறும் இடங்களும் உண்டு. தொல்காப்பியத்தில் காஞ்சி நிலையாமை பற்றியது. வெண்பாமாலையில் அது படையெடுத்து வந்தவனை எதிர்த்து நிற்பது. மதில் காத்தல் தொல்காப்பியத்தில் உழிஞைக்குள் அடங்கும். வெண்பாமாலையில் அதற்கு நொச்சி என்ற தனித் திணை உண்டு. இந்த இரண்டு வேறுபாட்டையும் எழுதிக்கொண்டால் திணைப் பகுதியில் வரும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கைக்கிளைக்கும் உறையூரே எடுத்துக்காட்டு தரும். உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட ஒருதலைக் காதலை நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள், 83 முதல் 85 வரை, புறநானூற்றில் இருக்கின்றன. காதல் பாட்டு புறத்தொகையில் எப்படி வந்தது என்பது வினாவுக்கு ஏற்ற இடம். அகப்பாடலில் தலைவன் பெயர் சுட்டப்படுவதில்லை, இங்கே தலைவன் பெயர் அறியப்பட்டவன் என்பதே விடை.

அகத்திணையில் முதல், கரு, உரி ஆகிய மூன்றும் பள்ளியிலேயே பழகியவை. மறுபடி அவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அந்த நேரத்தைத் தரலாம். கருப்பொருள் வருணனையின் ஒவ்வொரு கூறும் மாந்தர் செய்தியின் ஒவ்வொரு கூறோடு பொருந்தி உவமையாக நின்றால் உள்ளுறை. அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்தாமல், வருணனைக்குப் புறத்தே ஒரு குறிப்பு தோன்றினால் இறைச்சி. பாடப்பகுதியில் உள்ள அகப்பாடல்களில் இரண்டிற்கும் ஒவ்வோர் இடம் தேடிக் குறித்துவைக்க வேண்டும்.

யாப்பு: ஊர்ப்பெயர்களைக் கொண்டு

யாப்பிலக்கணத்தை நூற்பாவாக மனப்பாடம் செய்தவர்களும் சீர் பிரிக்கச் சொன்னால் திணறுவதுண்டு. கையால் பிரித்துப் பழகினால்தான் இது வசப்படும். அதற்குத் தனிப் பாடல் தேவையில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் நேரத்தில் பலகைகளில் தெரியும் பெயர்களே போதும்.

கோட்டை: கோட்–டை, நேர் நேர், தேமா. உறையூர்: உறை–யூர், நிரை நேர், புளிமா. காவிரி: கா–விரி, நேர் நிரை, கூவிளம். குளித்தலை: குளித்–தலை, நிரை நிரை, கருவிளம். நான்கு ஈரசைச் சீரும் முடிந்தன. மலைக்கோட்டை என்பதில் நிரை நேர் நேர், ஆகவே புளிமாங்காய். திருவரங்கம் நிரை நிரை நேர், ஆகவே கருவிளங்காய்.

தளைக்கும் இதே பெயர்கள் உதவும். "உறையூர் வயலூர்" என்று அடுக்கினால் மா முன் நிரை. "காவிரி கோயில்" என்றால் விளம் முன் நேர். இரண்டும் இயற்சீர் வெண்டளை. "மலைக்கோட்டை கோயில்" என்றால் காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. "உறையூர் கோட்டை" மா முன் நேர், அது நேரொன்றாசிரியத்தளை. வெண்பாவில் வெண்டளை மட்டுமே வரும் என்ற விதியை நினைவில் கொண்டால், ஓர் அடியைப் பார்த்து அது வெண்பாவாக இருக்க முடியுமா என்று சோதிக்கத் தெரிந்துவிடும்.

எதுகைக்கு உறையூர், துறையூர். இரண்டாம் எழுத்து றை ஒன்றி வந்தது, முதலெழுத்துகளும் இரண்டும் குறில். இந்தப் பின்பாதியை மாணவர்கள் எழுதாமல் விடுவது வழக்கம். கல்லணை, கால்வாய் என்ற இரண்டிலும் இரண்டாம் எழுத்து ல்தான். ஆனால் முதலில் குறிலும் நெடிலுமாக அளவு மாறியதால் அது எதுகை ஆகாது. இந்த எதிர்மறை எடுத்துக்காட்டை விடையில் சேர்த்தால் இலக்கணம் புரிந்து எழுதியது என்பது திருத்துபவருக்குத் தெரியும். மோனைக்கு அரங்கம், ஆனைக்கா. அ, ஆ, ஐ, ஔ ஓரினம் என்பதால் பொருந்தும். மலைக்கோட்டை, வயலூர் என்பதிலும் ம, வ இனமோனை உண்டு.

அணி: அம்மா மண்டபத்துப் படிகளில்

அணிகளை வரையறையால் பிரித்தறிவது கடினம். ஒரே காட்சியைப் பல அணிகளில் எழுதிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்தில் காவிரி படியேறி நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். "தாயைப் போலக் காவிரி ஊருக்குச் சோறூட்டுகிறது" என்றால் உவமை. போல என்ற உருபு வெளிப்படையாக இருக்கிறது. "காவிரித் தாய் ஊருக்குச் சோறூட்டுகிறாள்" என்றால் உருவகம். பொருளும் உவமையும் ஒன்றாகிவிட்டன, உருபுக்கு இடமில்லை. "அரங்கனைச் சேவிக்கும் ஆசையால் காவிரி படியேறி வருகிறது" என்றால் தற்குறிப்பேற்றம். வெள்ளம் ஏறுவது இயல்பாக நடப்பது. அதற்குக் காரணமாக ஆசையை ஏற்றிச் சொன்னது கவிஞரின் கற்பனை. இயல்பு நிகழ்ச்சி, ஏற்றிய காரணம் என்ற இரண்டையும் தனித்தனியே காட்டும் விடைதான் முழுமையான விடை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் கொடிகள் கோவலனை வரவேண்டாம் என்று தடுப்பதுபோல் அசைந்த இடத்தை எழுதும்போதும் இதே பிரிவைக் காட்ட வேண்டும்.

சிலேடைக்குக் காளமேகத்தை விட்டு வேறு ஊர் போக வேண்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவரைத் திருவரங்கத்தோடும் திருவானைக்காவோடும் சேர்த்துச் சொல்வது மரபு. சிலேடைப் பாடலைப் படிக்கும்போது இரண்டு பத்தி வரைந்து, ஒவ்வொரு தொடருக்கும் இரு பொருளையும் எதிர் எதிரே எழுத வேண்டும். ஒரு பொருளில் ஒரு தொடர் ஒட்டாமல் நின்றால், சொல்லைத் தவறாகப் பிரித்திருக்கிறோம் என்று பொருள். பிறிதுமொழிதல், வேற்றுப்பொருள் வைப்பு, வஞ்சப்புகழ்ச்சி ஆகிய மூன்றும் பாடத்தில் வந்திருந்தால் மட்டும் பார்த்தால் போதும்.

சிற்றிலக்கியமும் பக்திப் பாடலும்

கலைச்சொல் மிகுதியாக உள்ள பகுதி இதுதான். அஞ்ச வேண்டாத பகுதியும் இதுதான். இங்கே பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தைக் குறிப்பவை, வடிவம் தெரிந்தால் நூலின் பாதி தெரிந்ததாகும்.

திருவரங்கத்தை மையமாக வைத்தே ஒரு பெரும் பகுதியைத் திருப்பிவிடலாம். பிள்ளைப் பெருமாள் ஐயங்காரின் அஷ்டப்பிரபந்தம் எட்டு நூல்களின் தொகுதி. அதில் திருவரங்கக் கலம்பகம், திருவரங்கத்து மாலை, திருவரங்கத்தந்தாதி, சீரங்கநாயகர் ஊசல் ஆகிய நான்கு அரங்கத்துக்கே உரியவை. கலம்பகம், மாலை, அந்தாதி, ஊசல் என்ற நான்கு வகைக்கும் ஒரே புலவரிடமிருந்து எடுத்துக்காட்டு. கலம்பகத்துக்குப் பதினெட்டு உறுப்புகள். தேவருக்கு 100, அரசருக்கு 90 என்று பாடப்படுபவருக்கு ஏற்பப் பாடல் எண்ணிக்கை மாறும். பதினெட்டையும் மனப்பாடம் செய்ய முயல்வதைவிட, பாடத்தில் வைத்துள்ள பாடல்கள் எந்த உறுப்பைச் சேர்ந்தவை என்று அறிவது பயன் தரும்.

அந்தாதிக்கு இன்னும் இரண்டு நூல் பக்கத்திலேயே உள்ளன. திருவரங்கத்தமுதனாரின் இராமாநுச நூற்றந்தாதி 108 பாடல்கள் கொண்டது. சிராமலை அந்தாதியோ மலைக்கோட்டைக் குடைவரையில் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் இலக்கிய நூலை ஓலைக்குப் பதிலாகப் பாறையில் பார்க்கும் வாய்ப்பு அரியது. மலையேறும்போது ஒருமுறை நின்று பார்க்கலாம். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாவது அந்தாதி என்று எழுதியதோடு நிறுத்தாமல், அந்த இறுதி எழுத்தாகவோ அசையாகவோ சீராகவோ அடியாகவோ இருக்கலாம் என்பதையும், கடைசிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு சேர்ந்தால் மண்டலித்தல் எனப்படும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

உலாவுக்குக் காளமேகத்தின் திருவானைக்கா உலா. பாட்டுடைத் தலைவன் பவனி வர, பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற ஏழு பருவ மகளிர் கண்டு காதல் கொள்வதைக் கலிவெண்பாவில் பாடுவது. பருவங்களின் வயதெல்லையை எழுதும்போது பாடநூல் தரும் எண்களையே எழுதலாம், பாட்டியல் நூல்களுக்குள் சிறு வேறுபாடு உண்டு.

பிள்ளைத்தமிழுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் திருவானைக்கா அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல், சில நூல்களில் கழங்கும் வரும். அம்புலிப் பருவம் பாடுவது எல்லாவற்றிலும் கடினம் என்பது புலவர் மரபு. நிலவை விளையாட அழைக்கும்போது சாம, பேத, தான, தண்டம் என்ற நான்கு வழியும் கையாளப்படும். கட்டுரை வினாவுக்கு இந்தப் பருவத்தையே விரிவாகத் தயார் செய்வது நல்லது.

பக்திப் பகுதியில் ஆழ்வார் பெயர், நூல், பாசுர எண்ணிக்கை ஆகியவை குறுவினாவாக வரும். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலை 45, திருப்பள்ளியெழுச்சி 10. ஆண்டாள் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. திருவரங்கத்தை மங்களாசாசனம் செய்த ஆழ்வார்கள் பதினொருவர், மதுரகவி ஒருவரே பாடவில்லை. பள்ளியெழுச்சி என்ற வடிவத்துக்கு வேர் தொல்காப்பியம் சொல்லும் துயிலெடை நிலை. மன்னனை எழுப்பியது இறைவனை எழுப்புவதாயிற்று. மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினார். பாரதி அதைப் பாரத மாதாவுக்கு ஆக்கினார். இந்த வளர்ச்சியை மூன்று வரியில் சொல்லும் விடைக்கு மதிப்பு அதிகம். மலைக்கோட்டை இறைவனின் பெயரைத் தாங்கிய தாயுமானவரைப் படிப்பவர்கள் கண்ணி என்ற சொல்லை மறக்கக் கூடாது. ஈரடியால் நடக்கும் அந்த வடிவில் அவருடைய பராபரக்கண்ணி 389 கண்ணிகளைக் கொண்டது.

காப்பியம்

காப்பியத்தில் முதலில் உட்பிரிவுகளின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிலப்பதிகாரம் மூன்று காண்டம், புகார் 10, மதுரை 13, வஞ்சி 7 என 30 காதைகள். கம்பராமாயணம் ஆறு காண்டம், உட்பிரிவு படலம். சீவக சிந்தாமணி 13 இலம்பகம். பெரியபுராணம் 13 சருக்கம். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு எழுதினால் விடையின் மீதே ஐயம் விழும்.

நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரியின் வடகரை வழியே வந்து, ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூரை அடைகிறார்கள். அதுவே புகார்க் காண்டத்தின் கடைசிக் காதை. அடுத்த காடுகாண் காதையில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோன் திருவரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் சொல்லி, மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை விவரிக்கிறான். இந்த இரண்டு காதையும் பாடத்தில் இருந்தால் இடங்களின் வரிசையை ஒரு கோட்டுப் படமாக வரைந்துவைப்பது நல்லது.

பாயிரம், அவையடக்கம், அரங்கேற்றம் என்ற சொற்களுக்குக் கம்பர் துணை. கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே இருக்கிறது. விடையில் எழுதும்போது "மரபு" என்ற சொல்லோடு எழுத வேண்டும்.

உரைநடையும் சிறுகதையும்

இந்தப் பகுதியைக் கதைச் சுருக்கத்தோடு முடித்துவிடும் பழக்கம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து தூய வளனார் கல்லூரியில் படித்த சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் "நான்" என்று பேசுபவர் கதைசொல்லி. அவரை எழுத்தாளர் சுஜாதா என்றே எண்ணி விடை எழுதுவது பிழை. ஊர், தெரு, பள்ளி எல்லாம் உண்மையாக இருந்தாலும் கதைசொல்லி படைக்கப்பட்ட குரல். இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கதைசொல்லிக்கு எது தெரியும், எது தெரியாது என்று காட்டினால் நோக்குநிலை என்ற கலைச்சொல்லுக்கு விடை ஆயிற்று.

தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு என்ற இரண்டுக்கும் உ.வே.சாமிநாதையர் ஒருவரே போதும். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். தம் கதையை என் சரித்திரம் என்று ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதினார். 1942இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. மாணவராகத் தாம் பட்டதை ஒன்றில் தம் கண்ணால் சொல்கிறார். மற்றொன்றில் ஆசிரியரை முன்னிறுத்தித் தாம் பின்னால் நிற்கிறார்.

ஆங்கில இலக்கிய மாணவர்க்கும் முறை இதுவே. சானெட் என்றால் 14 அடி என்பதோடு நில்லாமல், பெட்ரார்க் வகை 8, 6 என்றும், ஷேக்ஸ்பியர் வகை மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியும் என்றும் பிரிந்து, பாடத்தில் உள்ள சானெட்டில் கருத்து எந்த அடியில் திரும்புகிறது என்று குறிக்க வேண்டும். சொலிலோக்வியில் பாத்திரம் தனக்குத் தானே பேசும். டிராமாட்டிக் மோனோலாக்கில் கேட்பவர் ஒருவர் பேசாமல் உடனிருப்பார். இந்த ஒரு வேறுபாடு அடிக்கடி கேட்கப்படுவது.

கடைசி வாரமும் தேர்வு அறையும்

இரண்டாம் வாரம் கலைச்சொல் நோட்டுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் போதும்: மேலே இலக்கணம் இரண்டு வரி, நடுவில் பாடத்திலிருந்து எடுத்துக்காட்டு, கீழே அதோடு குழம்பக்கூடிய இன்னொரு சொல்லும் வேறுபாடும். மூலம் கிடைக்காத பாடல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளமும் மதுரைத் திட்டமும் உதவும். புறநானூற்றுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரையை நூலகத்தில் பார்க்கலாம். பாடவேறுபாடு இருந்தால் கல்லூரிப் பாடநூலில் உள்ள வடிவத்தையே எழுத வேண்டும்.

மூன்றாம் வாரம் எழுதிப் பார்ப்பதற்கு மட்டும். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நோட்டை மூடிவைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். படித்தது நினைவிருக்கிறது என்ற நம்பிக்கையும் எழுத வருவதும் வேறு வேறு என்பது அப்போதுதான் தெரியும். இருவர் சேர்ந்து படித்தால், ஒருவர் பாடலின் சூழலைச் சொல்ல, மற்றவர் திணையும் துறையும் சொல்வது என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் புதிய பாடல் எதையும் தொடக் கூடாது. பெயர், எண், பிரிவு மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கிவிடலாம்.

தேர்வு அறையில் 180 நிமிடத்தைப் பங்கிட்டால், குறுவினா ஒன்றுக்கு 3 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 10, கட்டுரைக்கு 25 என 155 நிமிடம் போகும். மீதி 25 நிமிடத்தில் வினாத்தாளைப் படிக்கத் தொடக்கத்தில் ஐந்தை ஒதுக்கலாம். குறுவினாவுக்கு அரைப் பக்கம் எழுதுவது கட்டுரையின் நேரத்தைத் தின்றுவிடும். கட்டுரையில் மேற்கோள் நினைவுக்கு வராவிட்டால் தவறாக எழுதுவதைவிடப் பொருளை உரைநடையில் சொல்வது மேல். கடைசி இருபது நிமிடம் சரிபார்க்க: பாடியவர் பெயர், நூற்பெயர், திணை, துறை, காண்டமா காதையா என்பது, வினா எண், பதிவெண் என்ற வரிசையில் பார்த்தால் பெரும்பாலான கவனப் பிழைகள் அங்கேயே அகப்பட்டுவிடும்.